1968 சார்ஜரை வைத்து உங்கள் முதல் கான்செப்ட் காரை வரைவது எப்படி

பழைய அமெரிக்க மசில் கார் (பெரிய இயந்திரம் வைத்த வேகக் கார்) ஒன்றை எடுத்துப் புதுசாக ஒரு கான்செப்ட், அதாவது மாதிரிக் கார், வரைய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது ரிம்மில். பெரிய ரிம், தரையோடு ஒட்டிய உடம்பு, பானெட்டில் பெரிய காற்றுத் துளை, பின்னால் ஒரு ஸ்பாய்லர். அரை மணி நேரத்தில் படம் தயார். ஆனால் இது எந்தக் கார் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. மஸ்டாங்காக இருக்கலாம், கமாரோவாகவும் இருக்கலாம். எதைத் தொடாமல் விடப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்துவிட்டால், மாற்ற வேண்டியது எது என்பது தானாகவே தெரிய ஆரம்பிக்கும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

உதாரணத்துக்கு ஒரே காரை எடுத்துக்கொள்வோம்: 1968 டாட்ஜ் சார்ஜர். எனக்கு மிகவும் பிடித்த கார் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், இந்தக் காரை அதைச் செய்த நிறுவனமே பலமுறை மாற்றிப் பார்த்திருக்கிறது. அதனால் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

எந்த ஆண்டு?

"பழைய சார்ஜர்" என்று பொதுவாகத் தொடங்காதீர்கள். 1968, 1969, 1970 மூன்று ஆண்டும் உடம்பு ஒன்றுதான், முகமும் முதுகும்தான் வேறு. 1968-இல் முன் கிரில் ஒரே நீளக் கறுப்பு வாய் போல இருக்கும், பின்னால் பக்கத்துக்கு இரண்டு வட்ட விளக்குகள். 1969-இல் கிரிலை நடுவில் ஒரு தடுப்பு இரண்டாகப் பிரிக்கும், பின்விளக்குகள் நீளமாகிவிடும். 1970-இல் முகத்தைச் சுற்றி முழு வளையமாக குரோம் பம்பர் வந்துவிடும். மூன்றையும் கலந்து வரைந்தால், காரைத் தெரிந்தவர் பார்த்தவுடனே அது தெரிந்துவிடும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். நாம் 1968-இல் நிற்போம்.

வரையும் முன் படியுங்கள்

இந்த வடிவம் எப்படி வந்தது என்று தெரிந்தால் கோடுகள் வேறு மாதிரி கண்ணில் படும். கிரைஸ்லர் ஸ்டுடியோவில் ரிச்சர்ட் சயஸ் என்ற வடிவமைப்பாளர் இந்தக் காரின் பக்கவாட்டு உருவத்தை உண்டாக்கினார். முன் சக்கரத்துக்கு மேல் புடைப்பு, கதவில் ஒடுங்கல், பின் சக்கரத்துக்கு மேல் மறுபடி புடைப்பு. கோக் பாட்டில் வடிவம் என்று உலகம் சொல்லும் இதற்கு அவர்கள் வைத்த பெயர் இரட்டை வைரம். முன்பக்க, பின்பக்கத் தகடுகளை ஹார்வி வின் வடிவமைத்தார். வட்டப் பின்விளக்குகள் வேண்டும் என்று சொன்னவர் வடிவமைப்புத் துறைத் தலைவர் எல்வுட் எங்கல். முந்தைய 1967 மாடல் 16,000 கூட விற்கவில்லை. 1968 மாடல் 96,000-ஐத் தாண்டியது. இயந்திரங்களில் பெரும்பாலானவை பழையவைதான். மாறியது உருவம்.

இதே உருவம் பந்தயத்தில் காலை வாரியது. பின்கண்ணாடி இரண்டு பக்கத் தூண்களுக்கு நடுவே உள்ளடங்கி நிற்கும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார்ப் பந்தயங்களின் வேகத்தில் அந்தப் பள்ளத்தில் காற்று சுழன்று காரைப் பின்னுக்கு இழுத்தது. உள்ளே குழிந்திருந்த கிரிலும் அப்படியே. அதனால் 1969-இல் சார்ஜர் 500 என்ற பதிப்பில் பின்கண்ணாடியைத் தூண்களோடு சமமாக வெளியே கொண்டுவந்தார்கள், கிரிலையும் முன்னுக்குத் தள்ளினார்கள். கண்ணாடி நீண்டதால் டிக்கி மூடி குட்டையானது. ஒன்றை நகர்த்தினால் பக்கத்தில் இருப்பதும் நகரும் என்பதை இந்த டிக்கி மூடியை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் படத்திலும் இது நடக்கும்.

அதுவும் போதாமல் போனதால் வந்ததுதான் சார்ஜரின் டேடோனா பதிப்பு. சுமார் 18 அங்குல நீளக் கூர்மூக்கு, 23 அங்குல உயர இறக்கை. 1970 மார்ச் 24 அன்று டல்லடேகா பந்தயத் தடத்தில் பட்டி பேக்கர் என்ற ஓட்டுநர் அதை மணிக்கு 200 மைலுக்கு மேல் ஓட்டினார். மூடிய பந்தயச் சுற்றில் அதுவரை யாரும் தொடாத வேகம். அந்த இறக்கையைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. எனக்கு அது அழகு. ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கு அதனிடம் பதில் இருக்கிறது.

தொடக்கூடாத மூன்று

இப்போது ஒரு சின்னப் பயிற்சி. காரின் படங்களைப் பத்து நிமிடம் பாருங்கள். எடுத்து வைத்துவிட்டு, ஞாபகத்திலிருந்து பத்துக் கோடுகளுக்குள் வரையுங்கள். கோணலாக வந்தாலும் பரவாயில்லை. மறுநாளும் ஒருமுறை, அதற்கடுத்த நாளும் ஒருமுறை. மூன்று படத்திலும் திரும்பத் திரும்ப வந்த கோடுகள் எவையோ, அவைதான் உங்களுக்கு அந்தக் காரின் அடையாளம்.

என் பட்டியலில் வந்தவை இவை. ஒன்று, அந்த இரட்டை வைர இடுப்பு. இரண்டு, கூரையிலிருந்து டிக்கி வரை சரிந்து இறங்கும் பின்தூண்கள். மூன்று, ஹெட்லைட் எங்கே என்றே தெரியாத நீளக் கறுப்பு முகம். அசல் காரில் வெற்றிட விசையால் திறக்கும் மூடிகளுக்குப் பின்னால் விளக்குகள் ஒளிந்திருக்கும். கதவில் இருக்கும் இரட்டைக் குழிகளையும், இடது பின்பக்கத்தின் மேலே பந்தயக் கார் பாணியில் இருக்கும் பெட்ரோல் மூடியையும் நான் மனசில்லாமல்தான் பட்டியலுக்கு வெளியே விட்டேன். உங்கள் மூன்று வேறாக இருக்கலாம். ஆனால் மூன்றுக்கு மேல் போகாதீர்கள். ஏழெட்டு அம்சங்களைக் காப்பாற்ற நினைத்தால் கடைசியில் கையில் இருப்பது பழைய காரின் நகல்தான்.

அந்த மூன்றையும் தாளில் எழுதி, வரையும் மேசைக்கு எதிரே ஒட்டுங்கள்.

ஒரே வரியில் ஒரு காரணம்

இந்தக் கார் யாருக்கு, எதற்கு? ஒரு வாக்கியம் போதும். "வாரக் கடைசியில் ஓட்டப் பாதைக்குப் போய், அதே காரில் வீடு திரும்புகிறவருக்கு." "பாலைவனச் சாலையில் ஒரே நாளில் ஆயிரம் கிலோமீட்டர் போகிற இரண்டு பேருக்கு." "பெட்ரோல் இல்லாத சார்ஜர்." எழுதியபின் ஒவ்வொரு மாற்றத்தையும் இந்த வரியிடம் கேளுங்கள். பாலைவனக் காருக்குத் தரையில் உரசும் முன் உதடு (முன் பம்பருக்கு அடியில் நீளும் தகடு) எதற்கு? ஓட்டப் பாதைக் காருக்குக் கனமான குரோம் பம்பர் எதற்கு?

மின்சார வழியை எடுத்தால், 2022-இல் டாட்ஜ் காட்டிய சார்ஜர் டேடோனா எஸ்.ஆர்.டி. கான்செப்டைப் பாருங்கள். பழைய பானெட்டின் நீளமும் கறுப்பு முகமும் வேண்டும், காற்றுத் தடையும் குறைய வேண்டும் என்பது சிக்கல். முன்முகத்திலேயே ஒரு திறப்பு வைத்து, காற்று அதன் வழியே புகுந்து பானெட்டின் மேல் வெளியேறும்படி செய்தார்கள். முகத்தின் மேல்விளிம்பே இறக்கையாகிவிட்டது. பழைய உருவமும் இருக்கிறது, புது வேலையும் நடக்கிறது. நான் பார்த்த கான்செப்ட் தீர்வுகளில் மிகச் சிறந்த ஒன்றாக இதைச் சொல்வேன்.

தாளில் அளவுகள்

இங்கே நிதானமாக இருங்கள். நல்ல கற்பனை உள்ள படங்கள்கூட வீணாவது இந்த இடத்தில்தான்.

ஏ4 தாளைக் குறுக்காக வைத்து 1:20 அளவில் வரையுங்கள். அசல் கார் சுமார் 208 அங்குல நீளம். தாளில் 264 மி.மீ., சரியாக அடங்கும். வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி, 117 அங்குலம். தாளில் 148½ மி.மீ. உயரம் 53 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். தாளில் 67½ மி.மீ. அகலம் 76½ அங்குலத்தை ஒட்டி. முன்பார்வை வரையும்போது 97 மி.மீ. அந்தக் காலத்து டயரின் வெளி விட்டம் சுமார் 26½ அங்குலம். தாளில் 34 மி.மீ.

முதலில் தரைக் கோடு. அதன்மேல் 148½ மி.மீ. இடைவெளியில் இரண்டு டயர் வட்டங்கள். இரண்டு டயரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஏறக்குறைய கூரை. டயர்களுக்கு நடுவே இன்னும் மூன்று டயர் வைத்தாலும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும். இந்தக் காரின் நீட்சி அந்த மிச்சத்தில் இருக்கிறது. பக்கத்தில் 175 செ.மீ. உயர ஆள் ஒருவரை 87 மி.மீ.க்கு நிறுத்தி வையுங்கள். கூரை அவர் நெஞ்சளவுக்கு வரும். கூரையை இன்னும் தாழ்த்தத் தோன்றும்போதெல்லாம் அந்த ஆளை உள்ளே உட்கார வைத்துப் பாருங்கள். மின்சாரக் கார் என்றால் தரைக்கடியில் பேட்டரி வேறு இருக்கும். ஆள் அந்த அளவுக்கு மேலே ஏறுவார், தலை கூரையில் இடிக்கும்.

கீழே வைத்து வரைய நேர் பக்கவாட்டுப் படம் வேண்டுமென்றால், தூரத்திலிருந்து ஜூம் செய்து எடுத்த படமாகத் தேடுங்கள். பக்கத்தில் நின்று ஃபோனில் எடுத்ததில் நடுப்பகுதி வீங்கி, முனைகள் ஒடுங்கித் தெரியும். நம் ஊரில் இந்தக் காரை நேரில் பார்ப்பது கஷ்டம். 1:25 பிளாஸ்டிக் மாடல் கிட் கிடைத்தால் வாங்கிவிடுங்கள், கையில் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். சின்ன பொம்மைக் கார்களை நம்பி அளவெடுக்க வேண்டாம். சக்கரத்தைப் பெரிதாக்கி உடம்பைச் சுருக்கியவை அவற்றில் அதிகம்.

சக்கரமும் நிற்கும் விதமும்

இப்போது ரிம்முக்கு வரலாம். அசல் ரிம் 14 அல்லது 15 அங்குலம், சுற்றிலும் தடித்த ரப்பர். 20 அங்குல ரிம் போடலாம், தவறில்லை. ஆனால் டயரின் வெளி விட்டத்தைக் கவனியுங்கள். 275/35 ஆர்20 டயரின் வெளி விட்டம் சுமார் 27½ அங்குலம். தாளில் 35 மி.மீ. அசலைவிட ஒரே ஒரு மில்லிமீட்டர் அதிகம். உள்ளே இருக்கும் ரிம் மட்டும் 18-லிருந்து 25 மி.மீ. ஆகிறது. ரிம்மைப் பெரிதாக்கும்போது டயரையும் சேர்த்து ஊதவிட்டால் கார் குட்டையாகத் தெரியும், இடுப்பு வளைவு செத்துப் போகும்.

அடுத்தது முன் சக்கரத்தின் இடம். 1968 சார்ஜருக்கு முன் சக்கரத்துக்கு முன்னால் மூக்கு நீளம். 2018-இல் சீமா என்ற அமெரிக்கக் கார் உதிரிபாகக் கண்காட்சிக்காக டாட்ஜே ஒரு 1968 காரை எடுத்து சூப்பர் சார்ஜர் என்று செய்தபோது, முன் சக்கரத்தை இரண்டு அங்குலம் முன்னுக்கு நகர்த்தினார்கள். நம் தாளில் அது 2½ மி.மீ. செய்து பாருங்கள். ஒரே படத்தை இரண்டு தாளில் எடுத்து, ஒன்றில் மட்டும் முன் வட்டத்தை அந்த அளவு தள்ளுங்கள். கார் எழுந்து கிளம்பத் தயாராக நிற்கிற மாதிரி ஆகிவிடும். நான் முதல்முறை செய்து பார்த்தபோது அரை மணி நேரம் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்துக் காற்றுத் துளைகள் செய்யாததை இந்த 2½ மி.மீ. செய்கிறது.

உடம்பைத் தாழ்த்தும்போது முன்பக்கத்தைப் பின்பக்கத்தைவிட ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகத் தாழ்த்துங்கள். மசில் கார்களுக்கே உரிய, மூக்கு கொஞ்சம் குனிந்த நிலை அதில் வரும். டயருக்கு மேல் சிறிது இடைவெளியும் வேண்டும். சக்கரம் ஏறி இறங்க இடமில்லாத காரைப் படத்தில்கூட ஓட்ட முடியாது.

கோடுகள்

அளவுத்தாள் மேல் டிரேசிங் தாளை வையுங்கள். கணினியில் வரைகிறவர்கள் கிரிட்டா அல்லது ஜிம்ப் போன்ற இலவச மென்பொருளில் புது லேயர் போட்டு, கீழ் லேயரின் அடர்த்தியைக் குறைத்துக்கொள்ளுங்கள். வரிசை முக்கியம்: கூரைக் கோடு, பிறகு கண்ணாடிக்குக் கீழே ஓடும் இடுப்புக் கோடு, பிறகு கதவுக்கு அடியில் இருக்கும் கோடு. இந்த மூன்றும் சரியாகும்வரை கதவு, கைப்பிடி, விளக்கு எதையும் தொடாதீர்கள்.

வளைவை மணிக்கட்டால் வரைந்தால் நடுங்கும், தோளிலிருந்து கையை வீசி வரையுங்கள். அமெரிக்க ஸ்டுடியோக்களில் முழு அளவுப் பக்கவாட்டுப் படங்களைக் கறுப்பு டேப் ஒட்டித்தான் உருவாக்கினார்கள். டேப்பை இழுத்து ஒட்டினால் வளைவு வழுவழுப்பாக விழும், பிடிக்கவில்லை என்றால் பிய்த்து மறுபடி ஒட்டலாம். நீங்களும் சுவரில் பெரிய தாள் ஒட்டி, மெல்லிய மாஸ்கிங் டேப்பால் செய்து பார்க்கலாம். இடுப்புக் கோட்டின் இழுவிசை என்ன என்பது விரலுக்கே தெரியும்.

ஒரே நாளில் குறைந்தது பத்துப் பக்கவாட்டு உருவம் வரையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மாற்றம். ஒன்றில் முன் கதவின் முக்கோணக் கண்ணாடியை எடுத்துவிடுங்கள் (1970-இல் டாட்ஜே அதை எடுத்துவிட்டது). இன்னொன்றில் பின் சக்கரப் புடைப்பைக் கூட்டுங்கள். வேறொன்றில் டிக்கி முனையை உயர்த்துங்கள். எல்லாவற்றையும் ஒரே படத்தில் செய்தால் எது நன்றாக வந்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

முகமும் முதுகும்

முன்பார்வையில் அகலம்தான் எல்லாம். கறுப்பு வாயை விளிம்பிலிருந்து விளிம்புவரை விடுங்கள். இன்றைய எல்.இ.டி. விளக்குகள் மெல்லியவை என்பதால், மூடி இல்லாமலேயே அணைந்திருக்கும்போது கறுப்புக்குள் மறைந்துவிடும்படி வைக்கலாம். எரியும்போது மட்டும் கண் திறக்கும். ஆனால் குளிரூட்டக் காற்று எங்கே புகும் என்று முடிவு செய்யுங்கள். அந்தக் கால சார்ஜரில் வந்த 426 ஹெமி போன்ற பெரிய இயந்திரத்துக்கு அகலமான ரேடியேட்டர் வேண்டும், புகைக்குழாய்க்கும் வழி வேண்டும்.

பின்பக்கத்தில் நான்கு வட்டங்களை வைத்திருந்தால் போதும், வேறு எதையும் சேர்க்க வேண்டாம்.

முக்கால் கோணம்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது சாய்கோணத்தில் வரையும் சக்கரங்களில். வட்டம் நீள்வட்டமாகும்போது அதன் குறுகிய அச்சு, சக்கரம் சுழலும் அச்சுத்தண்டின் திசையிலேயே இருக்க வேண்டும். அதைச் செங்குத்தாகவோ கிடையாகவோ போட்டுவிட்டால் சக்கரம் கழன்று விழப்போகிற மாதிரி தெரியும். முதலில் அச்சுத்தண்டை ஒரு கோடாக, காரின் மறுபக்கம்வரை இழுத்து வரையுங்கள். அதன்மேல் நீள்வட்டத்தைக் கோத்து வையுங்கள். உடம்பைக் கடைசியில் போர்த்துங்கள். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் தெரிந்தவர்கள் வெறும் பெட்டியும் நான்கு உருளையும் வைத்துக் கோணத்தை அமைத்து, அதன் மேல் கையால் வரையலாம். நேரம் மிச்சமாகும், கோணமும் பிசகாது.

வண்ணம்

கார்த் தகடு கண்ணாடி மாதிரி. மேல்நோக்கிய பரப்புகள் வானத்தைக் காட்டும், அதனால் வெளிச்சம். பக்கப் பரப்பில் தொடுவானம் ஒரு கறுத்த பட்டையாக ஓடும். அதற்குக் கீழே தரையின் நிறம். அந்தக் கறுத்த பட்டை கதவில் ஒடுங்கி, பின் சக்கரத்துக்கு மேல் ஏறி விரிந்தால் இரட்டை வைர வடிவம் ஒரு கோடுகூட இல்லாமல் தெரிந்துவிடும். முதல் படத்துக்குச் சாம்பல் நிறம் ஒன்றே போதும். சாம்பலில் நிற்காத வடிவத்தைச் சிவப்பு காப்பாற்றாது.

கடைசிச் சோதனை

படத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பி, ஃபோன் திரையில் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்குங்கள். கார் தெரிந்த நண்பர் ஒருவரிடம் காட்டி, என்ன கார் என்று மட்டும் கேளுங்கள். சார்ஜர் என்று வந்தால் சரி. வேறு பெயர் வந்தால் மேசைக்கு எதிரே ஒட்டிய தாளைப் பாருங்கள், மூன்றில் ஒன்றை எங்கேயோ விட்டிருப்பீர்கள். அப்புறம் படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். அதுவரை கண்ணுக்குப் பழகிப்போயிருந்த கோணல்கள் எல்லாம் ஒரே நொடியில் தெரியும்.

நிறுவனத்தின் பெயரும் சின்னமும் அவர்கள் உடைமை. ஆசைக்கு வரைந்து நண்பர்களுக்குக் காட்டுவது ஒன்று, டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்பது வேறு. விற்கிற எண்ணம் இருந்தால் முறைப்படி அனுமதி பெறுங்கள்.

முதல் படம் முடிந்ததும் அதே மூன்று அம்சங்களை வைத்துக்கொண்டு, அந்த ஒரு வரியை மட்டும் மாற்றி இரண்டாவது காரைத் தொடங்குங்கள். தரைக் கோடு, 148½ மி.மீ., இரண்டு வட்டம்.